கவுண்டியிலிருந்து வந்தவருக்கு நான்கு டேக்சா பிரியாணி

மெட்ராஸ் வண்டி ஆம்பூர் ஸ்டேஷனுக்குள் நுழையும்போதே பேண்டுக்காரர்கள் ஊத ஆரம்பித்துவிட்டார்கள். வெல்வெட் தொப்பியும் அத்தர் மணமுமாக முன்னால் நின்றவர் எங்கள் டேனரி முதலாளி கரீம் சாயபு. அவர் பக்கத்தில் மைத்துனர் தஸ்தகீர் பாய். பின்னால் கூடை கூடையாக ரோஜா மாலைகள். கூடைகளுக்கும் பின்னால், வருகிறவர்களிடம் இங்கிலீஷ் பேசுவதற்காக, நான்.

முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் இறங்கினார். ஒல்லியான மனிதர், கையில் ஒரே ஒரு பெட்டி. அவர் இறங்கியதும் யாரோ உள்ளேயிருந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நாங்கள் அடுத்தவருக்காகக் காத்திருந்தோம். அடுத்தவர் வரவில்லை. தஸ்தகீர் பாய் அதற்கெல்லாம் மனம் தளர்கிறவர் இல்லை. இரண்டாம் வகுப்பிலிருந்து இறங்கிய ஒரு பாதிரியாரையும் இந்தக் கோஷ்டியில் சேர்த்து அவர் கழுத்தில் இரண்டு மாலைகளைப் போட்டுவிட்டார். பாதிரியார் எல்லோரையும் ஆசீர்வதித்துவிட்டு மாலைகளோடு நடையைக் கட்டினார்.

மீதிப் பேர் எந்த வண்டியில் வருகிறார்கள் என்று கேட்கச் சொன்னார் சாயபு. கேட்டேன். "மீதிப் பேரா? நான் மட்டும்தான் வந்திருக்கிறேன்" என்றார் அந்த அமெரிக்கர்.

அதைத் தமிழில் சொன்னதும் தஸ்தகீர் பாயின் முகம் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோல் மாதிரி வெளுத்துவிட்டது. டேனரியின் பின்கட்டில் அந்த நேரம் நான்கு பெரிய டேக்சாக்களில் பிரியாணி தம்மில் இருந்தது.

ஒரு மனிதருக்கு நான்கு டேக்சா எப்படி ஏறியது என்று சொல்லாமல் மேலே போக முடியாது. சொல்கிறேன்.

கவுண்டி எங்கே இருக்கிறது?

ஐரோப்பாவில் பெரிய சண்டை ஓய்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சண்டை நடந்தபோது தோலுக்கு இருந்த மவுசு அப்படியே இறங்கிவிட்டது. லண்டனில் எங்கள் சரக்கைச் சீந்துவாரில்லை. டேனரியில் பாதித் தொட்டிகள் காய்ந்து கிடந்தன. தொட்டிக்குள் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது, அதை விரட்டக்கூட யாருக்கும் அவசரமில்லை.

நான் அங்கே ரைட்டர் வேலை பார்த்தேன். இங்கிலீஷில் வருவதைப் படித்துச் சொல்வதும், சாயபு சொல்வதை இங்கிலீஷில் எழுதுவதும்தான் வேலை. வெளிநாட்டு வியாபாரமே இல்லையென்றால் முதலில் வீட்டுக்குப் போகவேண்டிய ஆள் நான்தான். எனக்கோ வாலாஜாபேட்டையில் பெண் பார்த்து நிச்சயம் ஆகியிருந்தது. பெண்ணின் அப்பா மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர், கறாரான மனுஷர். கல்யாணத் தேதி இருக்கட்டும், முதலில் வேலை நிலைக்கிறதா பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவிலிருந்து விசாரணைக் கடிதம் வந்தது. அங்கே ஒரு கவுண்டியில் ஆட்டுத்தோலில் கையுறை தைக்கிறார்களாம். லண்டன் வழியாக வந்த ஆம்பூர்ச் சரக்கு பிடித்திருக்கிறதாம். எவ்வளவு அனுப்பினாலும் வாங்கிக்கொள்வார்களாம். அவர்களில் ஒருவர் நேரில் வந்து பார்த்து, திருப்தியானால் சில வருஷங்களுக்கு ஒப்பந்தம் போடுவாராம். இது கைகூடினால் டேனரி பிழைக்கும், தொட்டிவேலை பார்க்கிறவர்கள் பிழைப்பார்கள், என் கல்யாணமும் பிழைக்கும்.

கவுண்டி என்றால் என்ன என்று சாயபு கேட்டார். நம்முடைய ஜில்லாவுக்கும் தாலுகாவுக்கும் நடுவே ஓர் அளவு என்று சொன்னேன். மேப்பில் காட்டு என்றார். பள்ளிக்கூடத்திலிருந்து அட்லஸ் இரவல் வாங்கி வந்து பூதக்கண்ணாடி வைத்துத் தேடினோம். அமெரிக்கா இருந்தது, கவுண்டி இல்லை. அப்படியானால் சின்ன ஊராகத்தான் இருக்கும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"மேப்புல இல்லன்னா ஊரு சின்னதுன்னு ஆயிடுமா? இதுல ஆம்பூர் எங்க இருக்கு, காட்டு பாக்கலாம்" என்றார் சாயபு.

ஆம்பூரும் இல்லை. அட்லஸை மூடினோம்.

தோலை எண்ணி ஊரை அளப்பது

இங்கே தஸ்தகீர் பாயின் பெருமையைக் கொஞ்சம் பாடியாக வேண்டும்.

எங்கள் தோல்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஊரின் ஜனத்தொகை வேண்டுமென்றால் சர்க்கார் கணக்கைத் தேடிப் போகமாட்டார்கள். பக்ரீத் கழிந்த பிறகு அந்த ஊரிலிருந்து வருகிற தோல்களைப் பார்ப்பார்கள். இத்தனை தோல் என்றால் இத்தனை வீடு, இத்தனை வீடு என்றால் இத்தனை தலை என்று வாயாலேயே போட்டுவிடுவார்கள். எந்த ஊரில் மழை பொய்த்தது, எந்த ஊரில் கல்யாணம் ஜாஸ்தி, எல்லாம் அவர்களுக்குத் தோலிலேயே தெரியும்.

இந்த வித்தையில் தஸ்தகீர் பாய் கெட்டிக்காரர். ஒருமுறை திருப்பத்தூரிலிருந்து வந்த குடிமதிப்பு எடுக்கும் ஆபீசர் ஒருவரை எங்கள் கிடங்கில் உட்காரவைத்து, அவர் ஊரின் தொகையை அவருக்கே சொன்னார். ஆபீசர் தன் கணக்கோடு ஒத்துப்பார்த்துவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தாராம். இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. தஸ்தகீர் பாயே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பெண் பார்க்கப் போகிற இடத்திலும் அவருக்கு இந்தக் கணக்குத்தான். சம்பந்தி வீட்டுக் கொல்லையில் கிடக்கும் எலும்பைப் பார்த்துவிட்டுத்தான் கூடத்துக்குள்ளேயே நுழைவார். அப்படித் தேடிப் பண்ணிய சம்பந்தங்களில் இரண்டு நன்றாக இருந்தன, ஒன்று கோர்ட்டுக்குப் போனது.

அந்த மனிதர் இப்போது அமெரிக்கக் கவுண்டியைக் கணக்குப் போட உட்கார்ந்தார். ஆம்பூர் ஒரு வருஷத்தில் எவ்வளவு தோல் அனுப்ப முடியும், ஒரு தோலுக்கு எத்தனை ஜோடி கையுறை, ஒரு ஆளுக்கு எத்தனை கை, ஒரு ஜோடி எத்தனை நாள் உழைக்கும். குழந்தைகளைத் தனியாகக் கழித்தார். பெண்களுக்குச் சின்னக் கை என்று அதற்கொரு தள்ளுபடி கொடுத்தார். நாங்கள் நான்கைந்து பேர் சுற்றி நின்று தலையாட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர் சொன்ன தொகையைக் கேட்டு சாயபு எழுந்தே நின்றுவிட்டார்.

வேலூர், வாணியம்பாடி, திருப்பத்தூர், வாலாஜாபேட்டை எல்லாவற்றையும் ஒரே முறத்தில் அள்ளிப்போட்டாலும் அந்தக் கவுண்டியில் ஒரு தெருவுக்குக் காணாது. அவ்வளவு ஜனம்.

நாங்கள் ஆயுள் முழுக்கத் தோல் பதனிட்டவர்கள். எங்கள் டேனரியில் பாதிப்பேர் காலில் செருப்பே கிடையாது. ஒரு சரக்கு தயாராகிற ஊர் வேறு, அது தேய்கிற ஊர் வேறு என்பது எங்களைவிட யாருக்குத் தெரியவேண்டும்? அன்றைக்கு அது ஒருவர் மண்டையிலும் உதிக்கவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்.

இந்தக் கணக்கை நம்பி சாயபு இரண்டு காரியம் செய்தார். ஒன்று, கைக்கு எட்டிய மண்டிகளிலெல்லாம் பச்சைத்தோல் வாங்கிக் கிடங்கை நிரப்பினார். உப்புப் போட்ட தோல், மழைக்கு முன்னால் தொட்டியில் இறங்கியாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் அத்தனையும் கிடங்கிலேயே நாறும், சாயபுவும் அதோடு தீர்ந்தார். இரண்டாவது காரியம், விருந்து. அவ்வளவு பெரிய ஜனத்துக்காகப் பேசவருகிறவர் எப்படித் தனியாக வருவார்? நம்மூரில் ஒரு பெண்ணைப் பார்க்கவே வண்டி நிறைய வருகிறார்கள். குறைந்தது ஒரு ரயில்பெட்டி நிறைய வருவார்கள் என்றார் தஸ்தகீர் பாய். சமையல்காரப் பண்டாரியைக் கூப்பிட்டு நான்கு டேக்சா ஏற்றச் சொன்னார்.

வந்தவர் சொன்ன ஊர்க்கதை

ஸ்டேஷனிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. முதல் ஜட்காவில் அமெரிக்கரும் நானும். அவர் பெயர் ஹார்லன். எங்களுக்குப் பின்னால் சாயபுவின் வண்டி. அதற்குப் பின்னால் கோஷ்டிக்காகப் பேசி வைத்திருந்த ஜட்காக்கள் எல்லாம் காலியாகவே சலங்கை குலுங்க வந்தன. இதுதான் இந்தப் பக்கத்து மரியாதை போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். திரும்பித் திரும்பிக் காலி வண்டிகளுக்கெல்லாம் தொப்பியைத் தூக்கிக் காட்டினார்.

டேனரி வாசலில் இறங்கினோம். புதிதாக வருகிறவர்கள் எல்லாம் அந்த இடத்தில் மூக்கைப் பொத்துவார்கள். இவரோ ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறுகிற தொட்டிக்குமேல் குனிந்து மூச்சை இழுத்து விட்டார். சின்ன வயசில் அவர் ஊர் முழுக்க இந்த வாசனைதானாம். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

அவர் ஊரைப் பற்றிக் கேட்கச் சொன்னார் சாயபு. கேட்டதுதான் தாமதம், மனிதர் உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கவுண்டியில் பாதி மலை, பாதி காடாம். நடுவே ஓர் ஆறு. வருஷத்தில் பல மாதம் பனி மூடியிருக்கும், ஆறு அப்படியே கல்லாக உறைந்துவிடும், அதன்மேல் மாட்டுவண்டியே போகலாம் என்றார். இதைச் சொன்னபோது தொட்டிக்காரர்கள் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள். எங்கள் பாலாற்றிலும் பல மாதம் வண்டி போகும் என்று சாயபு சொல்லச் சொன்னார். மணல்மேல் போகும் என்பதைச் சொல்லவேண்டாம் என்றார்.

அப்புறம் சரித்திரம். அவருடைய தாத்தா காலத்தில் அங்கே ஒருவகை ஊசியிலை மரம் மலை முழுக்க நின்றதாம். அதன் பட்டையில்தான் தோல் பதனிட்டார்களாம். ஆற்றோரம் முழுக்க டேனரிகள். இந்த மரம் தீரவே தீராது என்று எல்லோரும் நம்பினார்கள். வெட்டினார்கள், பட்டையை உரித்தார்கள், கட்டையை அப்படியே போட்டார்கள். அவர் மீசை முளைக்கிற வயதில் மலை மொட்டையாகிவிட்டது. டேனரிகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். அவருடைய அப்பாவின் டேனரியும் அதில் போனது, அந்த ஏக்கத்திலேயே அப்பாவும் போனாராம். தைக்கிற கை மட்டும் மிச்சமிருந்ததால் ஊர் கையுறையில் பிழைத்தது. தோலுக்கு வெளிநாட்டைப் பார்க்கிறார்கள்.

ஜனத்தொகை எவ்வளவு என்று தஸ்தகீர் பாய் ஆவலோடு கேட்டார். ஹார்லன் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். மறுபடி கேட்கச் சொன்னார்கள். மறுபடி கேட்டேன், அதே தொகைதான். எங்கள் சந்தை நாளில் ஆம்பூர்க் கடைத்தெருவுக்கு வருகிற கூட்டம்கூட அந்தக் கவுண்டி முழுக்கத் தேடினாலும் தேறாது.

சாயபு அங்கே கிடந்த கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். கிடங்கில் இருக்கிற தோலுக்கு அங்கே கை பற்றாது. இவ்வளவு தோலை வாங்கி என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்கச் சொன்ன குரலில் உயிரே இல்லை.

ஹார்லனுக்கு விஷயம் புரிந்ததும் சிரித்தார். தைப்பதுதான் கவுண்டி, போடுவது அமெரிக்கா முழுக்க என்றார். தன் ஊர்க்காரர்கள் பலர் பனியில் கையைக் கம்பளித்துணியில் சுற்றிக்கொண்டுதான் கையுறை தைக்கப் போகிறார்கள் என்றும் சொன்னார். தொட்டிக்காரர்கள் அதைக் கேட்டுத் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். சாயபுவுக்கு மூச்சு வந்தது. எனக்கு வாலாஜாபேட்டை திரும்பக் கண்ணில் தெரிந்தது.

அது கொஞ்ச நேரம்தான்.

ஆடுகள் எங்கே?

ஹார்லன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கள் ஆடுகள் எங்கே?"

அவர்களும் அங்கே கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆம்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வந்த தோலைப் பார்த்து, ஆம்பூரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் ஆட்டுமந்தைதான் இருக்கும் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். இவர் அந்த மந்தையைப் பார்க்கத்தான் கப்பலேறி வந்தவர். விடிந்ததிலிருந்து ரயில் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தாராம். கண்ணில் பட்டது மேல்பட்டிப் பக்கம் ஒரு கிழவி வேலியோரம் மேய்த்த ஆடுகள் மட்டும்தான்.

எங்களுக்குத் தோல் தேசமெங்கும் உள்ள மண்டிகளிலிருந்து வருகிறது, இந்த ஊர் ஆடுகளை நம்பி நாங்கள் இல்லை என்று விளக்கினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தனையையும் செலவழித்தேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"எங்கள் மலையைக் காட்டி என் அப்பாவும் இப்படித்தான் சொன்னார். அடுத்த மலை இருக்கிறது, அதற்கடுத்த மலை இருக்கிறது என்று. ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட்டு, நடுவில் ஆடு தீர்ந்துபோனால் எங்கள் ஊர் இரண்டாவது தடவையும் மூடவேண்டும்."

வேறு இடங்களையும் பார்த்துவிட்டுச் சொல்லியனுப்புவதாகச் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று வியாபாரிகளுக்குத் தெரியும். நான் அதை மொழிபெயர்க்கவே இல்லை. சாயபு என் முகத்தைப் பார்த்தே படித்துக்கொண்டார்.

கெஞ்சுகிற வழக்கம் அவருக்கு இல்லை. "வந்தவரு பசியோட இருப்பாரு. மொதல்ல சாப்பிட வை" என்று மட்டும் சொன்னார்.

தம் பிரித்தபோது

பண்டாரி மூடியைத் தூக்கினார். சீரகச்சம்பாவும் ஆட்டுக்கறியும் சேர்ந்து எழுப்பிய அந்த வாசனைக்கு முன்னால் தொட்டி வாசனை தோற்று ஓடியது. பக்கத்தில் கத்தரிக்காய்த் தொக்கு, தயிர்ப் பச்சடி. ஹார்லன் ரசித்துத்தான் சாப்பிட்டார். இரண்டாம் தரமும் வாங்கிக்கொண்டார். ஒல்லி மனுஷர் எவ்வளவு சாப்பிட்டுவிடுவார்? டேக்சாவில் ஒரு கரண்டி எடுத்த பள்ளம்கூடத் தெரியவில்லை.

மற்ற மூன்றும் மூடி திறக்காமலே இருந்தன. தஸ்தகீர் பாய் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சாயபு வாசல் கேட்டை இரண்டு பக்கமும் திறந்துவிடச் சொன்னார். ஆக்கின சோறு யார் வயிற்றுக்காவது போகட்டும் என்றார்.

ஊருக்குச் சொல்லியனுப்ப வேண்டியிருக்கவில்லை. காற்று ஏற்கெனவே போய்ச் சொல்லியிருந்தது.

தொட்டிக்காரர்கள் கைகழுவிக்கொண்டு வந்தார்கள். காலி ஜட்கா ஓட்டியவர்கள் வந்தார்கள். பேண்டுக்காரர்கள் கிளாரினெட்டை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடைத்தெருவிலிருந்து வந்த பெண்கள் தாமும் சாப்பிட்டு, வீட்டுக்கும் தூக்குவாளி நிறைய வாங்கிக்கொண்டார்கள். பந்தி எழுவதற்குள் அடுத்த பந்தி இலையோடு நின்றது. தாசில் ஆபீஸ் பியூன், தபால்காரர், லைன்மேன், யாரையும் யாரும் என்ன விஷயம் என்று கேட்கவில்லை. கழுத்தில் எங்கள் மாலைகளோடு அந்தப் பாதிரியார்கூட வந்து சேர்ந்தார். ஜெபம் சொல்லிவிட்டு இரண்டு தரம் வாங்கினார்.

ஹார்லன் ஆபீஸ் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதலில் சும்மா பார்த்தார். பிறகு எழுந்து தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். இன்று என்ன பண்டிகை என்று என்னைக் கேட்டார். பண்டிகை ஒன்றும் இல்லை, செவ்வாய்க்கிழமை என்றேன்.

"இவர்கள் இப்படி அடிக்கடி சாப்பிடுவார்களா?"

கையில் காசு இருந்தால் தினமும் சாப்பிடுவார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். இந்த ரயில் பாதையில் இதுமாதிரி எத்தனை ஊர் இருக்கிறது என்றார். காட்பாடியில் தொடங்கி ஜோலார்பேட்டை வரைக்கும் பெயர் சொன்னேன். ஜோலார்பேட்டையில் பாதை இரண்டாகப் பிரிந்து போகிறது, இரண்டு பக்கமும் ஊர்கள்தான் என்றும் சொன்னேன்.

அப்போது இரண்டாவது டேக்சா காலியாகி, பண்டாரி அதை உருட்டிக்கொண்டு போனார். மூன்றாவதைத் திறந்தார்கள். கூட்டம் குறையவில்லை. வேலியோரம் எலும்பு குவிந்துகொண்டே போனது. நாய்களே சலித்துப்போய்ப் படுத்துவிட்டன.

ஹார்லன் அந்தக் குவியலையே வெகுநேரம் பார்த்தார். மரத்தை நாங்கள் பட்டைக்காக வெட்டினோம், இங்கே ஆட்டை யாரும் தோலுக்காக வெட்டவில்லை, தின்கிற வாய் இருக்கிறவரை ஆடு வளர்த்துக்கொண்டேதான் இருப்பார்கள் என்று மெதுவாகச் சொன்னார். என்னிடம் சொன்னாரா, செத்துப்போன தன் அப்பாவிடம் சொன்னாரா தெரியாது.

ஆம்பூரின் ஜனத்தொகை என்ன என்று கேட்டார். நான் தஸ்தகீர் பாயைப் பார்த்தேன். வாழ்நாளில் முதல்முறையாக அந்த மனிதர் ஒரு தொகையும் சொல்லவில்லை. தனக்கு இன்றைக்குக் கணக்கு வராது என்று சொல்லச் சொன்னார்.

"வேண்டாம்" என்றார் ஹார்லன். "இவர்களைப் பார்த்த பிறகு ஆடுகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இனிமேல் கவலைப்பட வேண்டியது ஆடுகள்தான்."

இதை நான் கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி மொழிபெயர்த்தேன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சாயபு சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தொப்பியைச் சரிசெய்தார். என் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

நான்காவது டேக்சா காலியாவதற்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகிவிட்டது. மை உலர்வதற்குள் நான் வாலாஜாபேட்டைக்கு ஆள் அனுப்பிவிட்டேன்.

சாயங்கால வண்டியில் ஹார்லனை ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பினோம்.  கணக்கு தப்பிய அவமானம் தஸ்தகீர் பாயைத் தின்றுகொண்டிருந்தது. டேனரி வாசலுக்கு வந்ததும், இனிமேல் ஜென்மத்துக்கும் ஜனத்தொகை சொல்லமாட்டேன் என்று சாயபுவிடம் சத்தியம் செய்யப்போனார். சாயபு அவர் வாயைப் பொத்தினார்.

"அப்டியெல்லாம் சொல்லாத மச்சான். நீ மட்டும் கம்மியா தப்பு பண்ணியிருந்தா, இன்னிக்கி ஒரு டேக்சாவோட நின்னுருக்கும். அந்தாளு சாப்ட்டு ஏப்பம் வுட்டுட்டு ரயிலேறிப் போயிருப்பான்."